மூச்சுக்காற்றும் தொற்றும்: மருத்துவ உலகம் நூறாண்டு மறுத்த ஓர் உண்மை

ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளில் (கி.பி. 638, 639) ஷாம் தேசத்தை ஒரு கொள்ளைநோய் உலுக்கியது. பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அது வரலாற்றில் அறியப்படுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நோக்கிப் பயணமாகி ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் பிறரும் எதிர்கொண்டு வந்து, நோய் பரவியிருக்கும் செய்தியைச் சொன்னார்கள். கலீஃபா முஹாஜிர்களைக் கலந்தார்கள், அன்ஸார்களைக் கலந்தார்கள், பின்னர் குறைஷிப் பெரியோரையும் கலந்து, திரும்பிவிடுவதென முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி கூறினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நோய் வந்த ஊரை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிகளாரின் (ஸல்) கட்டளையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அங்கு வந்து எடுத்துரைத்தபோது, கலீஃபாவின் முடிவு உறுதி பெற்றது.

இந்த நிகழ்ச்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதன் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அபூஉபைதா (ரலி), அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகிய இருவரும் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். மாண்டோர் சுமார் 25,000 பேர் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதன்பின் தலைமை ஏற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), மக்கள் ஓரிடத்தில் நெருங்கியிராமல் மலைப்பகுதிகளுக்குக் கலைந்து செல்லும்படி ஆணையிட்டார்கள். மக்கள் கலைந்தனர், நோய் தணிந்தது. செய்தி மதீனாவை எட்டியபோது உமர் (ரலி) அதனைக் குறை கூறவில்லை.

அம்வாஸில் பரவியது ப்ளேக் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அது எவ்வாறு பரவியது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. எனினும், நெருக்கத்தைத் தளர்த்தித் திறந்த வெளிக்குச் செல்வது உயிர் காக்கும் என்பதை அனுபவம் காட்டியது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் எந்த வழியாகச் செல்கிறது என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் முழுமையான விடை காண, அதன்பின் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆயின. அந்த விடையின் வரலாறே இக்கட்டுரை. காற்றில் பரவும் சுவாச நோய்களிலிருந்து நம் குடும்பத்தாரை எவ்வாறு காப்பது என்பதும் அவ்வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

கெட்ட காற்று என்னும் பழைய கோட்பாடு

கிரேக்க மருத்துவர் காலந்தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, கெட்டுப்போன காற்றே கொள்ளைநோய்களுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. சதுப்பு நிலங்களிலிருந்தும் அழுகும் பொருள்களிலிருந்தும் எழும் நச்சாவி மனிதரைத் தாக்குவதாக எண்ணினர். பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, அறிஞர் அபூபக்ர் அர்ராஸி நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மிகத் தாமதமாக அழுகியதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என்று வழங்கும் கதை, அக்கால நம்பிக்கையை நன்கு காட்டுகிறது.

அர்ராஸிக்கு இவ்வரலாற்றில் வேறொரு முக்கியமான இடமும் உண்டு. பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்து விளக்கிய நூலை எழுதியவர் அவர். பத்தாம் நூற்றாண்டில் அவர் பிரித்துக் காட்டிய தட்டம்மை, காற்றில் மிக எளிதாகப் பரவும் நோய்களுள் ஒன்று என்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டறிந்தது. ஆனால் அர்ராஸி அதனைத் தொற்றாகக் கருதவில்லை. இரத்தம் புளித்துப் பொங்குவதன் விளைவாகவே விளக்கினார்.

தொற்று என்பதை வெளிப்படையாக வாதிட்டவர்களுள் ஒருவர் பதினான்காம் நூற்றாண்டின் கிரானடா அறிஞர் இப்னுல் கதீப். 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயில், நோயாளிகளுடன் பழகியவர்கள் மடிவதையும் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் பிழைப்பதையும் அவர் கண்டு எழுதினார். அடுத்த நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானி, கொள்ளைநோயில் தம் புதல்வியரை இழந்தவர். ஹிஜ்ரி 833இல் நோய் தொடங்கியபோது கெய்ரோவில் நாளொன்றுக்கு 40க்கும் குறைவானோரே இறந்தனர். மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி துஆ கேட்டுத் திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று அவர் பதிவு செய்தார். நோயின் காரணம் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து தொற்றுக் கொள்கை அன்று. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். அந்த நேர்மை நமக்குப் பாடம்.

காற்றின் மீதான ஐயம்

1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ, காலரா பரவுவது காற்றால் அன்று, குடிநீரால் என்பதைக் காட்டினார். 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கிருமிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் கெட்ட காற்றுக் கோட்பாடு சரிந்தது. அது சரிந்தது நல்லதே. ஆனால் அதனுடன் சேர்த்துக் காற்று முழுவதையுமே மருத்துவர்கள் குற்றமற்றதாக அறிவித்துவிட்டனர்.

1890களில் ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே, இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து எச்சில் துளிகள் தெறிப்பதையும், அவை சற்றுத் தொலைவிலேயே கீழே விழுவதையும் ஆராய்ந்தார். 1910இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரச் சுகாதார அதிகாரி சார்லஸ் சாபின், தொற்றின் வழிகள் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். நோய் பரவுவது பெரும்பாலும் தொடுதலாலும் அருகிலிருந்து தெறிக்கும் துளிகளாலுமே. காற்றால் பரவுவது அரிது என்பது அவர் முடிவு. காற்றில் நோய் வருகிறது என்று நம்பினால், தவிர்க்க வழியில்லை என்று மக்கள் கைகழுவுதல் போன்ற தூய்மையைக் கைவிட்டுவிடுவர் என்றும் அவர் அஞ்சினார். அவருடைய கருத்து மருத்துவப் பாடநூல்களில் ஏறியது. ஏறியது எளிதில் இறங்கவில்லை.

பினாங்கில் பிறந்த மருத்துவர்

அதே 1910ஆம் ஆண்டின் இறுதியில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் நுரையீரலைத் தாக்கும் ப்ளேக் பரவியது. அதனை அடக்க அனுப்பப்பட்டவர் வூ லியன்தே என்னும் இளம் மருத்துவர். நம்மவர் பலருக்கு உறவினர் வாழும் பினாங்கில் 1879இல் பிறந்து, அங்குள்ள பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் கற்றவர் அவர்.

எலிகளும் தெள்ளுப்பூச்சிகளுமே ப்ளேக்கைப் பரப்புகின்றன என்பது அன்றைய மருத்துவ முடிவு. வூ லியன்தே பிரேதப் பரிசோதனை செய்து, இந்நோய் மூச்சின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்கிறது என்று அறிந்தார். பஞ்சும் வலைத்துணியும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவரும் பணியாளரும் அணிய வேண்டும் என்றார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதனை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அந்நோயாலேயே இறந்தார். அதன்பின் நகரமே கவசம் அணிந்தது. நோயாளிகளுடன் பழகியவர்கள் இரயில் பெட்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பறித்த அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. நாம் இன்று அணியும் முகக்கவசத்தின் முன்னோடிகளுள் ஒன்று அது.

ப்ளேக் பாக்டீரியாவால் வருவது. அதன்பின் எட்டாண்டுகளில் ஒரு வைரஸ் உலகைச் சூழ்ந்தது. 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயென்ஸா பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் புகுந்து, இங்கு மட்டும் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரையிலான மக்களைக் கொன்றதாகப் பல்வேறு மதிப்பீடுகள் கூறுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் அருகே நோயாளிகளைக் கூடாரங்களில், வெயிலும் காற்றும் படும்படி வைத்து மருத்துவம் செய்தனர். அந்நோயின் வைரஸ் 1933இல்தான் இலண்டனில் பிரித்தறியப்பட்டது.

விழாமல் மிதக்கும் துளிகள்

1934இல் ஹார்வர்டில் பணியாற்றிய வில்லியம் ஃபிர்த் வெல்ஸ் ஓர் எளிய வினாவை எழுப்பினார். அவர் மருத்துவர் அல்லர், சுகாதாரப் பொறியாளர். வாயிலிருந்து வெளிவரும் பெரிய துளிகள் தரையில் விழுகின்றன. மிகச் சிறியவை என்ன ஆகின்றன? அவை விழுவதற்கு முன்பே ஈரம் உலர்ந்து, இன்னும் சிறிய துகள்களாகி, புகையைப் போல அறையெங்கும் மிதக்கின்றன என்று அவர் காட்டினார். நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னரும் அவை அங்கேயே இருக்கலாம்.

பின்னர் அவர் தம் மனைவி மில்ட்ரட் வெல்ஸுடன் பிலடெல்ஃபியா வட்டாரப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். சில வகுப்பறைகளின் மேற்பகுதியில் கிருமிகளைக் கொல்லும் புறஊதா விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் தட்டம்மை பரவியபோது, விளக்குள்ள வகுப்புகளில் நோயுற்ற பிள்ளைகள் மிகக் குறைவு. வேறு ஊர்களில் இதனைச் செய்து பார்த்தவர்களுக்கு அதே வெற்றி கிட்டவில்லை. அங்கெல்லாம் பிள்ளைகள் விளக்கில்லாத ஒரே பேருந்தில் நெருங்கி அமர்ந்து பள்ளிக்கு வந்து சென்றதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் வெல்ஸின் கருத்தே தவறு என்று மருத்துவர் பலர் முடிவு கட்டினர்.

வெல்ஸின் மாணவர் ரிச்சர்ட் ரைலி 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில் மறுக்க முடியாத சான்றைத் தேடினார். காசநோயாளிகள் தங்கிய ஒரு சிறு வார்டின் காற்றைக் குழாய்கள் வழியே மேல்தளத்துக்கு இழுத்து, அங்கிருந்த சுமார் 150 கினிப் பன்றிகள் சுவாசிக்குமாறு செய்தார். நோயாளிக்கும் விலங்குக்கும் காற்றைத் தவிர வேறு தொடர்பே இல்லை. விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்றுக்கு ஆளாயின. அடுத்த கட்டத்தில் அதே காற்றைப் புறஊதா ஒளியின் வழியே செலுத்தியபோது அதனைச் சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்று ஏற்படவில்லை. காசநோய் காற்றில் பரவுவது உறுதியாயிற்று. சாபின் சொன்ன பொதுவிதி மட்டும் மாறவில்லை. காசநோய், தட்டம்மை போன்ற சில நோய்களே விலக்குகள் எனப் பாடநூல்கள் எழுதின.

1977இல் அலாஸ்காவில் ஒரு விமானம் இயந்திரக் கோளாற்றால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. உள்ளே காற்றோட்டக் கருவி இயங்கவில்லை. ஒரு பயணிக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. விமானத்தில் இருந்தவர் 54 பேர். அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் இன்ஃப்ளூயென்ஸாவால் நோயுற்றனர். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. கழிவுநீர்க் குழாய்கள் வழியாக எழுந்த நுண்துளிகளைக் காற்று வீடுவீடாகக் கொண்டு சென்றதை ஆய்வாளர் விளக்கினர். சான்றுகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

2020ஆம் ஆண்டின் பாடம்

கொரோனா பரவத் தொடங்கிய நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். கைகளைச் சோப்பிட்டுத் தேய்த்தோம். கடையிலிருந்து வந்த காய்கறியையும் பால் பாக்கெட்டையும் கழுவினோம். ஆறடி தள்ளி நின்றோம். ஆனால் சன்னலைத் திறக்கச் சொன்னவர் அன்று மிகச் சிலரே. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் அன்று என்று உறுதியாக அறிவித்திருந்தது.

அதற்கு முன்பே, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஓர் அரங்கில் பயிற்சி செய்தது. கைகுலுக்கலைத் தவிர்த்தனர், கிருமிநாசினியும் வைத்திருந்தனர். வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். சீனாவின் குவாங்சோ நகர உணவகமொன்றில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பத்தாரில் 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அங்கே வெளிக்காற்று வர வழியில்லை; குளிர்சாதனக் கருவி உள்ளிருந்த காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது.

2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் ஆகியோரின் முயற்சியில் 239 அறிவியலாளர் ஆதரவுடன் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியாயிற்று. காற்றில் மிதந்து வரும் தொற்றை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். இதற்கிடையே லின்சி மார் என்னும் பொறியியலாளரும் அவருடன் இணைந்தோரும் பழைய ஆவணங்களைத் துருவி ஒரு பிழையைக் கண்டனர். 5 மைக்ரானைவிடப் பெரிய துளிகள் உடனே விழுந்துவிடும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. வெல்ஸ் காட்டிய எல்லையோ ஏறத்தாழ 100 மைக்ரான். நுரையீரலின் ஆழத்தை எட்டக்கூடிய காசநோய்த் துகளின் அளவாகிய 5 மைக்ரான், காற்றில் மிதக்கக்கூடிய துகளின் எல்லை என்று இடையில் எங்கோ மாறிப் பதிந்துவிட்டது. அந்தத் தவறான எண்ணை வைத்தே பல தலைமுறை மருத்துவர்கள் பயின்றனர். 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம், சுவாச நோய்க் கிருமிகள் காற்றின் வழியே பரவுவதைக் குறிக்கும் பொதுச் சொற்களைப் பல நாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து வெளியிட்டது. சாபினின் நூல் வெளிவந்து அப்போது 114 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் வீடும் பள்ளிவாசலும்

இந்த வரலாற்றை அறிந்தபின், நம் வாழிடங்களைப் புதிய கண்ணோடு பார்க்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. பழைய பள்ளிவாசல்களில் ஹவுளும், அதனை ஒட்டிக் காற்று உலவும் தாழ்வாரமும் இருந்தன. இன்று முற்றத்தை மூடிவிட்டோம். தராவீஹ் தொழுகையில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் மண்டபத்தின் சன்னல்களைக் கண்ணாடியால் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தியிருக்கிறோம். பொதுவாக நாம் வைத்திருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது. முதல் ஸஃப்பில் இருமுபவரின் மூச்சு கடைசி ஸஃப்பையும் எட்டும். கைலி, தொப்பி, முஸல்லா எல்லாம் தூய்மையாக இருக்கக் காற்று மட்டும் அழுக்காக இருக்கலாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று ஊடறுத்துச் செல்லும். ஏசி ஓடும்போதும் ஒரு சன்னலைச் சற்றே திறந்து வைத்து, வெளியேற்றும் விசிறியை இயக்கலாம். அறையில் கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. திறந்த வெளியில் அது பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கும். அறைக்குள் 800ஐத் தாண்டினால் பிறர் விட்ட மூச்சை மிகுதியாகச் சுவாசிக்கிறோம் என்று பொருள். ஹெபா வடிகட்டி கொண்ட காற்றுத் தூய்மிப்பான் மூடிய அறைகளில் உதவும். உரத்துப் பேசுவதும் ஓதுவதும் பாடுவதும் மிகுதியான துகள்களை வெளியேற்றுவதால், நோய் பரவும் பருவத்தில் திக்ரு மஜ்லிஸ்களையும் மதரஸா ஓதலையும் முற்றத்திலோ மாடியிலோ நடத்துவது நலம்.

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் வீட்டில் தொழுவதற்கு மார்க்கம் தெளிவான சலுகை தந்திருக்கிறது. பூண்டு, வெங்காயம் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) தடுத்தது, அருகில் நிற்பவருக்குத் தொல்லை நேரக் கூடாது என்பதற்காகவே. தும்மும்போது முகத்தை மூடி ஓசையைத் தாழ்த்துவதும் அவர்களது வழக்கம். வாடைக்கே இவ்வளவு கவனம் என்றால், வீட்டில் மூத்தவர்களின் உயிருக்கே ஊறு செய்யக்கூடிய தொற்றுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! நோயாளியைப் பார்க்கச் செல்லும்போதும், மருத்துவமனையிலும், நெரிசலான பேருந்திலும் முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 கவசம் அணியலாம். அது மிக நுண்ணிய துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும் தரமுடையது. ஓரங்களில் இடைவெளி இருந்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். இன்ஃப்ளூயென்ஸா வைரஸ் ஆண்டுதோறும் மாறுவதால், முதியோரும் கர்ப்பிணிகளும் ஹஜ், உம்ரா செல்வோரும் ஆண்டுதோறும் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி தவறவே கூடாது. அந்த வைரஸ் நோயாளி சென்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறைக்காற்றில் தங்கும்.

2019இல் சுமார் 25 லட்சம் பேர் கூடிய ஹஜ், 2020இல் ஏறத்தாழ 1,000 பேருடன் நடந்தது. அத்தகைய ஆண்டு மீண்டும் வராதிருக்க துஆச் செய்கிறோம். துஆவுடன் செயலும் வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவின் நிர்வாகத்தாரும் அடுத்த ரமளானுக்கு முன் தம் பள்ளியில் திறக்கக்கூடிய சன்னல்கள் எத்தனை, வெளியேற்றும் விசிறிகள் எத்தனை, அவற்றுள் இயங்குபவை எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும். ஸர்ஃக்கில் உமர் (ரலி) எடுத்த முடிவு தவக்குலுக்கு முரணாக இருக்கவில்லை. அடைத்த சன்னலைத் திறப்பதும் முரணாகாது.